வழி திறந்தால் போதுமா? – நாடிக்குள் சென்ற லேசரின் கதை

குமிழ்முனைப் பேனையைக் கழற்றி, உள்ளே இருக்கும் மைக்குழாயை எடுத்துப் பாருங்கள். அதன் தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். நம் இதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் முடியுரு நாடிகளின் உள்விட்டமும் ஏறத்தாழ அவ்வளவுதான். தொடை வழியாகக் காலுக்கு இறங்கும் நாடிகூடப் பொதுவாக ஒரு பென்சிலின் தடிப்பை எட்டுவதில்லை. இத்தனை ஒடுங்கிய குழாய்களை நம்பித்தான் நாம் நடக்கிறோம், மாடிப்படி ஏறுகிறோம், மூச்சு விடுகிறோம்.

இக்குழாய்கள் அடைபட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு வைத்திய உலகம் பல விடைகளைத் தேடியிருக்கிறது. அவற்றுள் ஒன்று, லேசர் ஒளியால் சூடாக்கிய சிறிய உலோக முனையொன்றை நாடிக்குள் செலுத்தி, அடைப்பைச் சுட்டு வழி திறப்பதாகும். 1980களின் நடுப்பகுதியில் பெரும் புதுமையாகப் பேசப்பட்ட இம்முறை, பத்தாண்டுகள் கழிவதற்குள் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பிக்கும் நான் இக்கதையை மாணவிகளுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. வென்ற கண்டுபிடிப்புகளைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். நல்ல அறிவோடும் நல்ல நோக்கத்தோடும் செய்யப்பட்ட ஒன்று ஏன் நிலைக்கவில்லை என்று படிப்பது குறைவு. நோயாளி ஒருவர் இருக்கும் எந்த வீட்டுக்கும் பயன்படக்கூடிய பாடம் இதில் இருக்கிறது. ஆகவே மாணவிகளோடு பெற்றோரும் சேர்ந்து வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அடைப்பு எங்கே இருக்கிறது?

நாடிச் சுவர் மூன்று படைகளால் ஆனது. உட்படை மிக மெல்லியது. குருதி ஒட்டாமல் வழுக்கிச் செல்ல இடம் தருவது. நடுப்படையில் மழமழப்பான தசையும் மீள்தன்மையுள்ள நார்களும் உள்ளன. வெளிப்படை சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது.

புகைத்தல், உயர் குருதியமுக்கம், நீரிழிவு, குருதியில் கூடிய கொலஸ்ரோல் ஆகியவை உட்படையைப் பழுதாக்குகின்றன. பழுதான இடத்தினூடாகக் கொலஸ்ரோல் சுவருக்குள் புகுந்து தங்குகிறது. அதை அகற்ற வரும் வெண்குருதிக் கலங்கள் அதை விழுங்கி அங்கேயே தேங்கிவிடுகின்றன. காலப்போக்கில் அதன்மேல் நார்ப்பொருள் மூடுகிறது; கல்சியம் படிந்து இறுகுகிறது. சுவர் உட்பக்கமாகப் புடைக்க, குருதி செல்லும் வழி ஒடுங்குகிறது.

இங்கே ஒரு விடயத்தை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாயின் உள்ளே ஊத்தை பிடிப்பதைப்போல நாடி அடைபடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியான ஒப்புமை அல்ல. குழாயின் ஊத்தையைச் சுரண்டினால் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. நாடியின் படிவோ சுவருக்குள்ளேயே இருக்கிறது. படிவைச் சுடும்போது சுவரையும் சேர்த்துத்தான் சுடுகிறோம். இக்கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

வழி சற்று ஒடுங்கினாலே குருதி ஏன் இவ்வளவு குறைகிறது என்பதை உயர்தர மாணவிகள் பொய்சேயின் சூத்திரத்தால் விளக்கலாம். மற்றவை மாறாதிருக்க, குழாயினூடாகப் பாயும் திரவத்தின் அளவு ஆரையின் நான்காம் வலுவுக்கு நேர்விகிதசமமானது. ஆரை அரைவாசியானால் பாய்ச்சல் பதினாறில் ஒரு பங்காகிவிடும். உயிருள்ள நாடி கண்ணாடிக் குழாயைப் போன்றதல்ல. உடல் தன் கிளை நாடிகளை விரித்து ஓரளவு ஈடுசெய்து கொள்ளும். ஆயினும் திசை இதுதான். இதையே மறுபக்கமாகப் பாருங்கள்: ஒடுங்கிய இடத்தைக் கொஞ்சம் விரித்தாலும் கிடைக்கும் பயன் மிகப் பெரிது. அந்த ஆசைதான் வைத்தியர்களை நாடிக்குள் கருவிகளை அனுப்பத் தூண்டியது.

கதீற்றர் வந்த வழி

உடலுக்குள் செலுத்தும் மெல்லிய வளையக்கூடிய குழாயைக் கதீற்றர் என்கிறோம். 1929 இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகர வைத்தியசாலையொன்றில் வேர்ணர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் வைத்தியர், தன் கை நாளத்தினூடாக ஒரு கதீற்றரைச் செலுத்தி, தன் இதயம் வரை கொண்டுசென்றார். பிறகு தானே நடந்துபோய் எக்ஸ் கதிர்ப் படமும் எடுத்துக்கொண்டார். அக்காலத்தில் கண்டிக்கப்பட்ட அச்செயலுக்கு 1956 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அடுத்த படி 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் எடுத்து வைக்கப்பட்டது. 82 வயதான ஒரு பெண்மணியின் காலில் குருதியோட்டம் குன்றி, விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை அகற்ற வேண்டுமென வைத்தியர்கள் கூற, அவர் மறுத்துவிட்டார். சாள்ஸ் டொட்டர் என்ற கதிரியல் வைத்தியர், ஒன்றைவிட ஒன்று சற்றுப் பருத்த கதீற்றர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, அவருடைய தொடை நாடியின் ஒடுக்கத்தை விரித்தார். கால் மீண்டும் சூடு பெற்றது. அதன்பின் வாழ்ந்த ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளும் அப்பெண்மணி தன் இரு கால்களாலேயே நடந்தார்.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குருன்சிக் என்பவர் பருத்த கதீற்றருக்குப் பதிலாகச் சிறு பலூனைப் பயன்படுத்தினார். ஒடுங்கிய நிலையில் உள்ளே சென்று, உரிய இடத்தில் ஊதிப் பெருத்து, மீண்டும் சுருங்கி வெளியே வரும் பலூன் அது. அதன் முதல் மாதிரிகளைத் தன் வீட்டுக் குசினி மேசையில், உதவியாளர் மரியா ஷ்லும்ப் உட்படச் சிலரின் துணையோடு செய்தார். 1977 செப்ரெம்பர் 16 அன்று, விழிப்போடிருந்த ஒரு நோயாளியின் முடியுரு நாடியை முதன்முதலாகப் பலூனால் விரித்தார். அந்த நாடி பத்தாண்டுகளின் பின் பரிசோதித்தபோதும் திறந்தே இருந்தது.

எல்லா நாடிகளுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. பலூனுக்கு இரண்டு குறைகள் இருந்தன. முழுதாக அடைபட்ட நாடியில் பலூன் நுழையவே வழியில்லை. நுழைந்து விரித்தாலும், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நோயாளிகளில் சில மாதங்களுக்குள் அதே இடம் மீண்டும் ஒடுங்கியது. பலூன் படிவை அகற்றவில்லை, அமுக்கி ஒதுக்கியது மட்டுமே. அப்படியானால் படிவையே இல்லாமற் செய்துவிட்டால் என்ன? அந்த எண்ணத்தோடுதான் லேசர் வருகிறது.

ஒளியை நாடிக்குள் அனுப்புதல்

1960 மே 16 அன்று தியோடோர் மெய்மன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். லேசர் ஒளி ஒரே அலைநீளம் கொண்டது. பரவாமல் குறுகிய கற்றையாகச் செல்வது. அதை வளைந்த பாதையில் கொண்டுசெல்ல ஒளியியல் நார் இருக்கிறது. நாரின் உள்ளகத்தின் முறிவுச்சுட்டி சுற்றுப்படையினதைவிடக் கூடியது. அவதிக் கோணத்தை விஞ்சிய கோணத்தில் படும் ஒளி வெளியேறாமல் முழு அகத்தெறிப்படைந்து முன்னே செல்லும். தலைமயிரைவிடச் சற்றுத் தடித்த நாரினூடாக, உடலுக்கு வெளியேயுள்ள லேசரின் சக்தியை நாடிக்குள் அனுப்பலாம்.

1983 இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் டானியல் சோய் என்பவரும் அவர் குழுவினரும், திறந்த இதய சத்திரசிகிச்சையின்போது ஆகன் லேசர் ஒளியை முடியுரு நாடிக்குள் செலுத்திப் பார்த்தனர். மூடப்படாத நாரைப் பயன்படுத்திய இத்தகைய முயற்சிகளில் ஒரு பெரிய இடர் தெரிந்தது. ஒளி நேர்கோட்டில் செல்லும்; நாடி வளைந்து செல்லும். வளைவில் ஒளி சுவரைத் தாக்கித் துளைத்துவிடும். கூர்மையான நாரின் நுனியும் தன் பங்குக்குச் சுவரைக் குத்தும்.

சூடேறும் உலோக முனை

இதற்கு ஒரு புத்திசாலித்தனமான தீர்வு காணப்பட்டது. நாரின் நுனிக்கு 2 மில்லிமீற்றர் அளவிலான, மழுங்கிய உலோகத் தொப்பியொன்றைப் பொருத்தினார்கள். இப்போது ஒளி வெளியே வருவதில்லை. முழுவதையும் உலோகம் உறிஞ்சி வெப்பமாக மாற்றிக்கொள்கிறது. நாடிக்குள் செல்வது ஒளிக்கற்றை அல்ல, சூடான ஒரு சிறு குமிழ். மழுங்கியதாகையால் குத்தாது, வெப்பம் தொட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும் என்பது எதிர்பார்ப்பு.

பயன்படுத்திய லேசரின் வலு 10 வாற்று அளவில்தான். ஓர் அறைக்குப் போடும் எல்ஈடி மின்குமிழின் வலு அது. அதனால் உலோகம் எப்படிச் சுடும் அளவுக்குக் கொதிக்கிறது? கணக்கிட்டுப் பார்ப்போம். 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் கோளமொன்றின் திணிவு ஏறத்தாழ 33 மில்லிகிராம். உருக்கின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு, பாகைக்கு ஏறத்தாழ 500 யூல். ஆகவே அதன் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 0.017 யூலுக்கும் குறைந்த சக்தி போதும். செக்கனுக்கு 10 யூல் கிடைத்தால், இழப்பைப் புறக்கணிக்கும்போது, ஒரே செக்கனில் 600 பாகை அளவுக்கு உயரும்! உண்மையில் குருதியும் இழையமும் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் அவ்வளவு உயராது. ஆனாலும் முனையின் வெப்பநிலை சில நூறு பாகை செல்சியசை எட்டக்கூடியதாக இருந்தது. கொழுப்பும் நார்ப்பொருளும் அந்தச் சூட்டில் உருகியும் ஆவியாகியும் வழி விட்டன.

வைத்தியர் முனையை ஓரிடத்தில் நிற்க விடக்கூடாது. நின்றால் அது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சூடான தாச்சியில் தோசை ஒட்டுவதுபோலத்தான். ஆகவே முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே நகர்த்த வேண்டும். அடைப்பினூடாக இப்படி ஒரு சிறு வழி திறந்த பிறகு, வழக்கமான பலூனைச் செலுத்தி அதை விரிப்பார்கள்.

இங்கிலாந்தின் டேவிட் கம்பர்லண்ட், அமெரிக்காவின் ரிமதி சான்போர்ன் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் 1986 இல் தொடை, முழங்கால் நாடிகளில் இம்முறையால் பெற்ற முதல் முடிவுகளை வெளியிட்டனர். 56 நாடிகளில் 50 இல் முனை அடைப்பைக் கடந்து சென்றது. கிட்டத்தட்ட 10 இல் 9! 1987 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் கால் நாடிகளுக்கு இதை அனுமதித்தது. 'லேசர்' என்ற சொல்லுக்கு அப்போது இருந்த கவர்ச்சியையும் நினைத்துப் பாருங்கள். சத்திரசிகிச்சை இல்லை, காலை இழக்க வேண்டியதில்லை, ஒளியால் குணமாகும் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்?

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது

கருவி அடைப்பைக் கடந்ததா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். நாடி திறந்தே இருக்கிறதா என்பது மாதங்கள் கழிந்த பிறகுதான் தெரியும். அந்த மாதங்கள் கழிந்தபோது நிலைமை மாறியது.

வெப்பம் தொட்ட இடத்தில் மட்டும் நிற்கவில்லை. கடத்தலால் அது நடுப்படைக்கும் வெளிப்படைக்கும் பரவியது. சுட்ட காயம் ஆறும்போது தோலில் தழும்பு உண்டாவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நாடிக்குள்ளும் உடல் அதே வேலையைத்தான் செய்கிறது. நடுப்படையின் தசைக் கலங்கள் பெருகி உட்பக்கம் நகர்ந்து வந்து, காயத்தை மூட முனைகின்றன. வெளித்தோலில் ஒரு தழும்பு நமக்குத் தொல்லை தராது. மைக்குழாய் அளவேயான நாடிக்குள் அது மீண்டும் ஓர் அடைப்பு. முடியுரு நாடிகளில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. சூடு பட்ட நாடி இழுத்துப் பிடித்துச் சுருங்கியது. சில நோயாளிகளில் அங்கே குருதி உறைந்தது.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. அடைப்பைத் திறந்தது சூடா, அல்லது வைத்தியரின் கை கொடுத்த தள்ளுதலா? இதை அறிய ஒரே வழி, ஒரே வகையான நோயாளிகளை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு லேசரும் மற்றதற்கு லேசர் இல்லாத சாதாரண வழிகாட்டிக் கம்பியும் பயன்படுத்தி ஒப்பிடுவதுதான். 1991 இல் வெளிவந்த அத்தகைய ஒப்பீடுகள், கம்பியாலும் கதீற்றராலும் தள்ளித் திறப்பதைவிட லேசர் சூட்டால் மேலதிக நன்மை எதையும் காட்டவில்லை. 10 இல் 9 என்ற வெற்றியில் பெரும்பங்கு, மழுங்கிய முனைக்கும் பின்னால் வந்த பலூனுக்கும் உரியதாக இருந்தது.

றிச்சர்ட் ஸ்பியர்ஸ் என்பவர் வேறொரு வழியை முயன்றார். பலூன் விரிந்திருக்கும்போதே அதற்குள்ளிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, கிழிந்த சுவரைச் சூட்டால் ஒட்டவைக்கும் முறை அது. அன்றைக்கு நாடி அழகாக ஒட்டிக்கொண்டது; மாதங்கள் கழிந்தபோது மீண்டும் ஒடுங்கியது. அதுவும் கைவிடப்பட்டது.

வேறு வகையான லேசர்

சூடுதான் பகை என்றால், சுடாமல் வெட்டும் ஒளி உண்டா? இதற்கான விடைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்று அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன். ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், 1981 நவெம்பர் 27 அன்று, முதல்நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டொன்றின் மேல் எக்சைமர் லேசரின் ஊதாக்கடந்த ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வைன் ஆகியோர் அவரோடு உழைத்தவர்கள். பச்சை நிற லேசர் அதே இழையத்தைக் கருக்கியது. எக்சைமர் லேசரோ கருகல் இல்லாமல் ஒழுங்கான வெட்டைத் தந்தது. இன்று கண்ணின் வெண்படலத்தைச் செதுக்கிப் பார்வையைச் சீராக்கும் சிகிச்சைக்கு வித்து அதுதான்.

இதன் காரணத்தைப் போட்டன் சக்தியால் விளங்கிக்கொள்ளலாம். அலைநீளம் குறையக் குறைய ஒரு போட்டனின் சக்தி கூடும். ஆகன் லேசரின் நீலப்பச்சை ஒளியில் ஒரு போட்டனின் சக்தி ஏறத்தாழ 2.5 இலத்திரன்வோற்று. நாடிச் சிகிச்சைக்குத் தெரிவுசெய்யப்பட்ட செனன் குளோரைட்டு எக்சைமர் லேசரின் அலைநீளம் 308 நனோமீற்றர். அதன் போட்டனின் சக்தி ஏறத்தாழ 4. காபன் அணுக்கள் இரண்டுக்கிடையிலான ஒற்றைப் பிணைப்பை உடைக்க 3.6 அளவு தேவை. முதலாவது ஒளி மூலக்கூறுகளைச் சூடாக்க மட்டுமே வல்லது. இரண்டாவது, பிணைப்புகளையே அறுக்க வல்லது. அத்தோடு அது இழையத்தினுள் ஏறத்தாழ 50 மைக்கிரோமீற்றர் ஆழம்தான் செல்லும். ஒவ்வொரு துடிப்பும் செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறுகியது. வெப்பம் பரவ நேரமே கிடைப்பதில்லை.

1992 இல் இது அமெரிக்காவில் முடியுரு நாடிகளுக்கு அனுமதிக்கப்பட்டது. முந்தியதைவிடச் சிறந்த பௌதிகவியல்! ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம் நகரங்களில் 308 நோயாளிகளை இரு கூட்டமாக்கிச் செய்த ஆய்வின் முடிவு 1996 இல் வெளிவந்தது. நீண்ட ஒடுக்கங்களில் பலூனைவிட லேசரால் மேலதிக நன்மை கிடைக்கவில்லை. குருதியும் படம் எடுக்கச் செலுத்தும் திரவமும் இந்த ஒளியை உறிஞ்சி, ஆவிக் குமிழிகளை உண்டாக்கிச் சுவரைத் தாக்குவது பிறகு நன்கு விளங்கியது. அதனால் இப்போது உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே லேசரை இயக்குகிறார்கள்.

இதே காலத்தில் வேறொரு எளிய கருவி முன்னேறிக்கொண்டிருந்தது. 1986 இல் பிரான்ஸின் ஜாக் புவெலும் சுவிற்சர்லாந்தின் உல்ரிச் சிக்வார்ட்டும் முடியுரு நாடிக்குள் ஸ்டென்ற் என்னும் கம்பிவலைக் குழாயை வைக்கத் தொடங்கினர். அது எதையும் சுடுவதில்லை. விரித்த நாடி மீண்டும் சுருங்காமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். 2000 ஆம் ஆண்டுக்குப் பின், தசைக் கலங்களின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ற்கள் வந்தன. லேசர் முயற்சிகள் அடைப்பை எப்படி நீக்குவது என்று கேட்டன. ஸ்டென்ற் செய்தவர்கள், திறந்ததை எப்படித் திறந்தபடி வைத்திருப்பது என்று கேட்டார்கள்.

எக்சைமர் லேசர் இன்றும் இருக்கிறது. ஸ்டென்றுக்குள் மீண்டும் வளர்ந்த இழையத்தை அகற்றவும், சில கடினமான கால் அடைப்புகளுக்கும், இதயமுடுக்கியின் பழைய கம்பிகளைப் பிரித்தெடுக்கவும் அது பயன்படுகிறது. தனக்குரிய சிறிய இடத்தை அது கண்டுகொண்டது.

ஒரு வீட்டில் எழுந்த கேள்வி

இவையெல்லாம் தொலைதேசத்துச் செய்திகள் என்று நினைக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் என் உம்மும்மாவின் காற்பெருவிரலில் ஒரு புண் உண்டாகி, ஆறாமல் கறுக்கத் தொடங்கியது. நீண்டகாலம் சீனி வருத்தம் உள்ளவர். இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் நோவு குறைகிறது என்பார். காலுக்குக் குருதி போதாதபோது காணும் அறிகுறி அது. தொங்கவிடும்போது புவியீர்ப்பு குருதியமுக்கத்துக்குச் சற்றுத் துணை செய்கிறது.

வைத்தியசாலையில் அஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தபோது தொடை நாடியில் அடைப்பு. காலை இழக்க நேரலாம் என்ற பேச்சு வந்ததும் வீடே கலங்கிப்போனது. மாமா வைத்தியரிடம் சொன்னார்:

"டொக்டர், கட்டார்ல எண்ட கூட்டாளி ஒருத்தர் சொன்னாரு, லேசரால எரிச்சி அடைப்ப எடுக்கலாமாம். காணிய வித்தெண்டாலும் காசு தேடலாம். கால வெட்டாம இருந்தாப் போதும்."

வைத்தியர் கோபிக்கவில்லை. "அடைப்ப எடுத்தத சொல்லியிருக்காங்க. அந்தக் கால்கள் ஒரு வருசத்துக்குப் பிறகு எப்படி இருந்தது எண்டு யாரும் சொன்னாங்களா?" என்று கேட்டார். பிறகு ஒரு தாளில் நாடியை வரைந்து, இந்த அடைப்பு நீளம் குறைந்தது, கம்பி நுழைய இடமிருக்கிறது, பலூனால் முயலலாம், லேசரால் இங்கே கூடுதலாக எதுவும் கிடைக்காது, விரலைக் காப்பாற்ற முடியாமற் போகலாம், பாதத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று பொறுமையாக விளக்கினார்.

உம்மும்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "எண்ட காலால கிணத்தடிக்குப் போக ஏலுமா மகன்?"

"அதுக்குத்தான் உம்மா செய்யப்போறோம்" என்றார் வைத்தியர்.

பலூனால் நாடி திறக்கப்பட்டது. பெருவிரல் அகற்றப்பட்டது. புண் ஆற நான்கு மாதங்கள் எடுத்தன. காணி விற்கப்படவில்லை. அடுத்த ஆண்டு உம்மும்மா பொல்லூன்றியபடி கிணற்றடிக்குப் போய் வந்தார். அந்த வைத்தியர் கேட்ட கேள்வியை நான் அன்றே என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு அது ஒரு பாடவேளைக்குச் சமமானது.

பெற்றோருக்கும் மாணவிகளுக்கும்

புதிய சிகிச்சை ஒன்றைப் பற்றிக் கேள்விப்படும்போது அதை உடனே நம்பவும் வேண்டாம், உடனே ஒதுக்கவும் வேண்டாம். வைத்தியரிடம் நான்கு விடயங்களைக் கேளுங்கள். இது எதனோடு ஒப்பிடப்பட்டது? வெற்றி என்று எதை எண்ணினார்கள்? ஒரு வருடத்தின் பின் நிலைமை என்ன? எங்கள் நோயாளியின் அடைப்புக்கு இது பொருந்துமா? நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். பெயரின் கவர்ச்சிக்காகக் காணியை விற்க வேண்டியதில்லை. தேவையான சிகிச்சையை அச்சத்தால் பிற்போடவும் கூடாது.

கருவி எதுவாயினும், அது ஓரிடத்து அடைப்பைத்தான் திறக்கும். படிவை உண்டாக்கிய காரணங்கள் அப்படியே இருந்தால் இன்னோரிடம் அடைபடும். சிகரட்டை நிறுத்துவதும், சீனியையும் குருதியமுக்கத்தையும் கட்டுக்குள் வைப்பதும், வைத்தியர் தந்த குளிசையை இடையில் நிறுத்தாமல் எடுப்பதும், நாளாந்தம் நடப்பதும் எல்லா நாடிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்யும் சிகிச்சை. மாணவிகளே, வீட்டில் சீனி வருத்தமுள்ள பெரியவர் இருந்தால் நாளுக்கு ஒருமுறை அவருடைய பாதங்களைப் பாருங்கள். விரலிடுக்கு, குதிக்கால், உள்ளங்கால் எல்லாவற்றையும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆறாத புண், குளிர்ந்த பாதம், நிறம் மாறிய விரல், நடக்கும்போது கெண்டைக்காலில் வந்து நின்றால் மறையும் நோவு ஆகியவற்றைக் கண்டால், எண்ணெய் பூசிக் காலம் கடத்தாமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். நேரத்தோடு போனால் திறப்பதற்கு ஒரு வழி மிஞ்சியிருக்கும்.

சிந்திப்பதற்குச் சில வினாக்கள்

1. நாடியொன்றின் ஆரை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால், ஏனையவை மாறாதிருக்க, குருதிப் பாய்ச்சல் எத்தனையில் ஒரு பங்காகும்?

2. உலோகத் தொப்பியின் விட்டத்தை இருமடங்காக்கினால், அதே லேசர் வலுவில் அதன் வெப்பநிலை உயரும் வீதம் எப்படி மாறும்? வெப்ப இழப்பைப் புறக்கணிக்கவும்.

3. சூடான முனையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டியதன் காரணத்தை வெப்பக் கடத்தலைக் கொண்டு விளக்குக.

4. உங்கள் ஊரில் புதிதாகப் பேசப்படும் சிகிச்சை ஒன்றைத் தெரிந்தெடுங்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் அதற்குக் கேட்டு, கிடைத்த விடைகளை எழுதுங்கள். விடை கிடைக்காத கேள்வி எது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.